கழுநீர்த் தொட்டியில் என் எழுத்து

என் கையெழுத்து அழகானது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. திண்டிவனத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் ஸ்கேலால் விரலில் தட்டித் தட்டி வரவழைத்த எழுத்து அது. ஏழு எழுதினால் அதன் நடுவே ஒரு சின்னக் கோடு போடுவேன். ஒன்று என்று யாரும் தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் பழக்கிவிட்டது. 1993இல் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, இந்த எழுத்தைப் பார்த்துத்தான் என்னை ஸ்டோர் பிரிவில் உட்கார வைத்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பக்கத்து அலுவலகத்திலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்திருந்த நேரம். கடலூரிலிருந்து லாரியில் மேஜையும் நாற்காலியும் வந்து இறங்கின. அலுவலகத்துக்குள் வரும் எந்தப் பொருளானாலும் அதன்மேல் எண் எழுத வேண்டும். அலுவலகப் பெயரின் சுருக்கம், ஒரு சாய்கோடு, பதிவேட்டு எண், இன்னொரு சாய்கோடு, வருஷம். வெள்ளை எனாமல் பெயின்ட்டும் மெல்லிய பிரஷும் என் மேஜை டிராயரிலேயே இருக்கும். பீரோ, பித்தளை மணி, தண்ணீர் அண்டா, குப்பைக்கூடை, எதையும் விட்டதில்லை. "அம்மா முன்னாடி ரொம்ப நேரம் அசையாம நிக்காதீங்கப்பா, நெத்தியில நம்பர் போட்டுடுவாங்க" என்று எங்கள் டவாலி பியூன் கிண்டல் செய்வார். நான் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

உள்ளே வந்த பொருள் வெளியே போவதற்கும் முறை உண்டு. உடைந்துபோன நாற்காலியைச் சும்மா தூக்கி எறிய முடியாது. இனி உதவாது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். கண்டம் பண்ணுவது என்போம். பிறகு ஏலம். யார் அதிகமாகக் கேட்கிறாரோ அவருக்கு. பிறகு பதிவேட்டில் அந்த எண்ணின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அத்தோடு அந்தப் பொருளுக்கும் எங்களுக்கும் உறவு முடிந்தது. வருஷா வருஷம் தணிக்கைக்கு வருகிறவர்கள் என் பதிவேட்டில் ஒரு பிழைகூடக் கண்டுபிடித்ததில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அந்தக் காலத்தில் வெளியே போனதெல்லாம் மரமும் இரும்பும் பித்தளையும்தான். காயலான் கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். இரும்பு மறுபடி எங்கோ இரும்பாகிவிடும். போன பொருள் எங்கே போனது என்று யோசிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்குச் சந்தனம் வைத்து, ரோஜா மாலை போட்டு, ஏ.சி. அறையில் உட்கார வைத்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐந்தாறு வருஷத்தில் அதே கம்ப்யூட்டர் கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் தலைகீழாகக் கிடந்தது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் பிரிண்டர். கரண்ட் போனால் தாங்குவதற்கு யுபிஎஸ். யுபிஎஸ்ஸுக்கு வரிசையாகப் பேட்டரிகள், முழங்கால் உயரத்துக்குக் கனத்த கறுப்புப் பெட்டிகள். அவையும் சில வருஷத்துக்கொரு தடவை செத்துப்போகும். எல்லாவற்றிலும் என் எண் இருந்தது. பேட்டரியில் யாராவது நம்பர் எழுதுவார்களா என்று கேட்டவர்களிடம், அதுவும் அரசாங்கச் சொத்துதானே என்றேன்.

2010 தாண்டி ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி மின்சாதனக் கழிவையும் பேட்டரியையும் கண்டவர்களிடம் கொடுக்கக் கூடாது, அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்றது. இவற்றில் ஈயம் முதலான நஞ்சு இருக்கிறது, மனிதருக்கும் கால்நடைக்கும் ஆகாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தச் சுற்றறிக்கையை எல்லாப் பிரிவுகளுக்கும் நகலெடுத்து அனுப்பியது நான்தான். முக்கியமான வரிகளை ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன். அந்த வரியையும்.

அடிக்கோடிடுவது சுலபம். அனுமதி பெற்றவரைத் தேடினால் விழுப்புரத்தில் இல்லை, திண்டிவனத்தில் இல்லை. சென்னைப் பக்கம் ஒருவர் கிடைத்தார். லாரி நிறையச் சரக்கு இருந்தால்தான் வருவேன், லாரி வாடகை உங்களுடையது என்றார். வாடகை கொடுக்க எங்களுக்கு எந்தச் செலவுத் தலைப்பிலும் இடமில்லை. ஏலத்துக்கும் அவர் வரமாட்டார். ஏலம் விடாமல் கொடுத்தால் தணிக்கையில் குறை எழுதுவார்கள். ஏலம் விடாமல் அறையிலேயே வைத்திருந்தால் அதையும் எழுதுவார்கள். மழைக்காலத்தில் அந்த அறையில் பேட்டரியிலிருந்து ஏதோ கசிந்து தரையில் சிமென்ட் பொரிந்துபோனது. எங்கள் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஏம்மா, இன்னும் எத்தினி நாளு இந்தப் பேஜாரு? ஜல்தி ஏதாவது பண்ணுங்க" என்றார்.

கம்ப்யூட்டர், பேட்டரி என்று அந்த அறைச் சரக்கு மொத்தத்தையும் ஏலம் விட்டோம், மூன்று பேர் வந்தார்கள். அதிகம் கேட்டவர் திண்டிவனத்துக்காரர், நான் தினமும் ரயிலில் வந்து போகிற எங்கள் ஊரின் எல்லையில் புதிதாகப் பழைய பேட்டரி உடைக்கும் யார்டு போட்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அனுமதிச் சான்று எங்கே என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். 'நகல் இணைக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பில் எழுதி, கோப்பில் குத்திவிட்டேன். ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் திருப்பி அனுப்பும் நான், அந்த நகலில் இருந்த பெயரும் ஊரும் எதிரே நிற்கிறவருடையதுதானா என்று படிக்கவில்லை. படிக்காமல் விட்டேனா, படித்தால் ஏலம் நின்றுவிடுமே என்று விட்டேனா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. லாரி கிளம்பியதும் அறையைக் கழுவிவிட்டு, கதவைத் திறந்து போட்டு, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அக்கா ஒருவர் இருந்தார். ஊரின் கடைசித் தெரு, ஏரியை ஒட்டிய வீடு. ஒரு பசு, அதன் கன்று. கணவர் இல்லை, மகள் கட்டிக்கொண்டு வானூர்ப் பக்கம் போய்விட்டாள். அந்த ஒரு பசுவின் பாலை ஏழெட்டு வீடுகளுக்கு ஊற்றித்தான் அவருடைய காலம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கைப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுவதைப் பார்த்து, என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார். நான் டீச்சர் இல்லை அக்கா, ஆபீஸில் வேலை என்று ஆரம்பத்தில் பலமுறை சொன்னேன். "அதான் டீச்சர்" என்பார். விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் தை கழிந்து ஒரு நாள் காலையில் பால் செம்போடு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், கன்னுக்குட்டி நேத்து செத்துப்போச்சு."

"ஐயோ, என்ன ஆச்சுக்கா?"

"இன்னான்னே தெரியல. நாலு நாளா ஒரே பக்கமா சுத்திக்கினே இருந்துச்சு. செவுத்துல போய் முட்டிக்கினு நிக்குது. கண்ணு தெறந்துதான் இருக்குது, ஆனா தெரியல. பல்ல நறநறன்னு கடிச்சிக்கினே செத்துச்சு. இப்போ தாய் மாடும் சரியா திங்கல. யார் கண்ணு பட்டுச்சோ."

எனக்குப் பாவமாக இருந்தது. கால்நடை மருந்தகத்து டாக்டர் வந்து பார்த்தாரா என்று கேட்டேன். வெறிநாய் கடித்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஊசி போட்டுவிட்டுப் போனாராம். நீங்கள் படித்தவர், ஒரு நடை வந்து பாருங்கள் என்றார். மாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அதே புடவையோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

கொட்டகை சுத்தமாகத்தான் இருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடி ஒரு பக்கம் போர் போட்டிருந்தது. மாடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது, வாயிலிருந்து நூலாக எச்சில் வழிந்துகொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் காது மட்டும் அசைந்தது. அதன் முன்னால் கழுநீர்த் தொட்டி. கறுப்பாக, நீள்சதுரமாக, மேல்பக்கம் அறுக்கப்பட்டு, உள்ளே இருந்த தடுப்புகள் தட்டி எடுக்கப்பட்டு இருந்தது. மாடு அதன் உள்விளிம்பை நக்கியது. நக்கிவிட்டு மறுபடி நக்கியது.

தொட்டியின் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். எங்கள் அலுவலகப் பெயரின் சுருக்கம். சாய்கோடு. நடுவில் கோடு போட்ட இரண்டு ஏழுகள்.

சிவப்புக் கோடு போட்டு முடித்த பொருள், இல்லாமல் போய்விட்டது என்று நான் சத்தியம் பண்ணியிருக்கக்கூடிய பொருள், பத்து நிமிஷ நடையில், எங்கள் வீட்டுக்குப் பால் தருகிற மாட்டின் வாய்க்குக் கீழே இருந்தது. அதில் என் எழுத்து இருந்தது. பிரஷ்ஷில் பெயின்ட் அதிகமாகி ஒரு சொட்டு வழிந்திருந்தது, அதைக்கூட எனக்கு ஞாபகம் இருந்தது.

"இது ஏதுக்கா?" என்று கேட்டேன்.

"அதுவா? பக்கத்து பேட்டரி யார்டுல குடுத்தாங்க. பழைய சிமிட்டித் தொட்டி வெடிச்சிப்போச்சுன்னு சொன்னேன். அந்த அண்ணன் நல்லவரு, காசு வாங்கல. இது ஒடையாதும்மா, உன் பேரன் காலம் வரைக்கும் வரும்னாரு. அடியில சாம்பலாட்டம் சேறு ஒட்டிக்கினு இருந்துச்சு, தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சேன். முழுசாப் போகல. மாட்டுக்கு இந்தத் தொட்டின்னா உசுரு. காலியானாக்கூட நக்கிக்கினே நிக்கும். கன்னுக்குட்டியும் அப்பிடித்தான்."

கொட்டகைக்குப் பின்னாலேயே யார்டின் தகர வேலி. ஒரு தகடு சாய்ந்திருந்த இடத்தில் நின்று உள்ளே பார்த்தேன். எங்கள் மானிட்டர்கள் வரிசையாகக் கிடந்தன, பின்பக்கம் உடைக்கப்பட்டு, உள்ளே இருந்த செம்புச் சுருள் பிடுங்கப்பட்டு. கண்ணாடிக் குழாய்கள் ஏரிப் பள்ளத்தில் குவிந்து கிடந்தன. நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து சுத்தியலால் பேட்டரியைப் பிளந்து, சாம்பல் நிறத் தட்டுகளைக் கையால் உருவிப் போட்டார்கள். கையில் உறை இல்லை. முழங்கை வரைக்கும் சாம்பல் நிறம். பெட்டியில் மிச்சம் இருந்த ஆசிட்டை ஒரு பெண் எங்கள் வீட்டில் கழுநீர் கொட்டுவது போல வேலியோரம் சாய்த்துக் கொட்டினாள். அந்த வேலியோரத்தில் புல்லே இல்லை.

யார்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கும்பிட்டார்.

"வாங்க மேடம், உங்க ஆபீஸ் சரக்குதான் ஓடிக்கினு இருக்குது. போர்டெல்லாம் மெட்ராசுக்கு அனுப்பிட்டேன். இந்தக் கண்ணாடியத்தான் எவனும் வாங்க மாட்டேங்கறான். டீ சாப்பிடறீங்களா?"

"உங்க பேர்ல லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டேன். ஏலத்தன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவே இல்லை. "அது வேற ஒருத்தர் பேர்ல மேடம். நாங்க ஏழெட்டுப் பேர் அதத்தான் காட்டறோம். நீங்க காப்பி கேட்டீங்க, காப்பி குடுத்தேன்" என்றார். அதில் நக்கல் எதுவும் இல்லை. நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

திரும்பிக் கொட்டகைக்கு வந்தேன். அக்கா எனக்குக் காபி போட உள்ளே போயிருந்தார். அந்த மாட்டின் பாலில்தான். அடுத்து நான் செய்ததை இத்தனை வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வீட்டுச் சாவியை எடுத்தேன். தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் எண்ணைச் சுரண்டினேன். முதலில் அலுவலகப் பெயரை, பிறகு ஏழுகளை. எனாமல் நன்றாகப் பிடித்திருந்தது, சுலபத்தில் வரவில்லை. வெள்ளைத் தூள் புடவையில் கொட்டியது. உதறிவிட்டு எழுந்து நின்றபோது மாடு இன்னும் அதே இடத்தில் நக்கிக்கொண்டிருந்தது.

சுற்றறிக்கையின் அந்த வரி எனக்குத் தெரியும். மனிதருக்கும் கால்நடைக்கும் ஆகாது. நானே அடிக்கோடிட்டது. ஆனாலும் அக்கா காபி டம்ளரோடு வந்தபோது, "இந்தத் தொட்டி வேணாம்க்கா, பழசு, எடுத்துப் போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். எங்கிருந்து வந்தது என்றால் யார் கொடுத்தது என்று வரும். என் வேலை, என் இருபது வருஷம், என் பிழையில்லாத பதிவேடு. டாக்டரிடமும் போய்ச் சொல்லவில்லை. காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

வீட்டில் காலையில் ஊற்றிய பால் அடுப்பின்மேல் ஆடை கட்டியிருந்தது. சாக்கடையில் கொட்டினேன். மறுநாளிலிருந்து பாக்கெட் பாலுக்கு மாறினோம், என் மகளுக்குச் சளி என்று அக்காவிடம் ஒரு காரணம் சொன்னேன். மகளுக்கு ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். சென்னைக்குப் போக வேண்டும் என்றார்கள். போகவில்லை. என்ன வருமோ என்ற பயம். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற வீடுகள் அதே பாலைத்தான் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தன. அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் சொல்லாத வார்த்தைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? உடையாத, ஓட்டையில்லாத ஒரு தொட்டியைப் பழசு என்பதற்காக எறிவதற்கு அக்கா என்ன அரசு அலுவலகமா நடத்துகிறார்? இன்னொரு தடவை நாரும் புளியும் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டு அதிலேயே தவிட்டுத் தண்ணீர் வைத்திருக்கிறார். மாடு எதையும் தின்னவில்லை, அதை மட்டும் குடித்தது. அதற்குப் பிடித்ததையாவது கொடுப்போம் என்று நினைத்தாராம். மூன்றாவது வாரம் அது விழுந்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை.

மாடு செத்த அன்று வந்த டாக்டர்தான் தொட்டியைக் காலால் தட்டிப் பார்த்து, "ஏம்மா, இது பேட்டரி பெட்டியாச்சே!" என்று கத்தினாராம். அறுத்துப் பார்த்து, ஈரலில் ஒரு துண்டைச் சென்னைக்கு அனுப்பினார். ஈயம் என்று வந்தது. அது நாக்குக்குத் தித்திக்கும், அதனால்தான் மாடு விடாமல் நக்கியிருக்கிறது என்றார். வெறிநோய் என்று நினைத்து வேறு பக்கம் போய்விட்டேன், தொட்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்துப் பார்த்திருப்பேன், பிழைத்திருக்கவும் கூடும் என்றாராம். இதையெல்லாம் அக்கா என் வாசலில் உட்கார்ந்து சொன்னார். சொல்லிவிட்டு, கலெக்டர் ஆபீஸில் கொடுக்க ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்.

எழுதினேன். அழகான எழுத்தில் ஒரு பக்கம். மாடு ஒன்று, கன்று ஒன்று, காரணம் பக்கத்து யார்டு, நிவாரணம் வேண்டும். அந்தப் பேட்டரி எந்த அலுவலகத்துடையது என்று அதில் இல்லை. அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்னையே கேவலமாகத் திட்டிக்கொண்டேன்.

அந்த வாரங்களில் எனக்குத் தூக்கம் குறைந்து யோசனை அதிகமானது. விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விதி இருந்தது, நானே நகலெடுத்தேன். ஒரு பொருள் அலுவலகத்துக்குள் வரும்போது பக்கம் நிறையக் கட்டங்கள். யார் விற்றது, எங்கே செய்தது, எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம், எல்லாம் கேட்போம். வெளியே போகும்போது ஒரே ஒரு சிவப்புக் கோடு. போன இடத்தைப் பார்த்துவிட்டு வா என்று எந்த விதியும் என்னை அனுப்பவில்லை. அதைவிடக் கொடுமை அந்த ஏலம். ஆசிட்டைப் பக்குவமாகத் தெளியவைத்து, வேலைக்காரர்களுக்குக் கையுறை கொடுத்து, கண்ணாடியைப் பத்திரமாக ஒதுக்குகிறவருக்குச் செலவு அதிகம், அவரால் அதிக விலை கேட்க முடியாது. எல்லாவற்றையும் ஏரியில் கொட்டுகிறவரால்தான் முடியும். அதிக விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஊரிலேயே மோசமாகச் செய்கிறவரைத் தேடிப்பிடித்துக் கொடுங்கள் என்றுதானே பொருள்? இருபது வருஷம் அந்த விதிக்குக் காவல் இருந்தேன், ஒரு நாளும் இது எனக்கு உறைத்ததில்லை. லாரி வாடகையை அரசே ஏற்றிருந்தால், திண்டிவனத்திலேயே ஒழுங்கான ஓர் இடம் இருந்திருந்தால், பேட்டரி விற்ற கம்பெனியே பழசைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்றெல்லாம் தோன்றும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் எதுவும் என் கையில் சாவியைக் கொடுத்துச் சுரண்டச் சொல்லவில்லை.

மனுவின் மேல் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். துணைக்கு வரச் சொல்லி அக்கா என்னைக் கூப்பிட்டார். விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். கொட்டகையில் டாக்டர் நின்றிருந்தார், யார்டுக்காரரும் வந்திருந்தார். அதிகாரி தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது இவரோட யார்டுல இருந்துதான் வந்துச்சுன்றதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"அவருதான் சார் குடுத்தாரு. அவரையே கேளுங்க."

யார்டுக்காரர் தரையைப் பார்த்தார். "நான் கவர்மெண்டு ஏலத்துல எடுத்த பேட்டரிதான் சார் ஒடைக்கறேன். அதுல எல்லாம் வெள்ளையில நம்பர் போட்டிருக்கும். இதுல ஒண்ணும் இல்லியே. எங்க வாங்கினாங்களோ" என்றார்.

"இருந்துச்சு சார்!" அக்கா பதறினார். "வெள்ளையா எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா இருந்துச்சு. டீச்சர்கூட வந்து குனிஞ்சு பாத்தாங்க. சொல்லுங்க டீச்சர், நீங்க பாத்தீங்க இல்ல?"

அதிகாரி தொட்டியின் பக்கவாட்டில் விரலால் தடவினார். "சுரண்டின மாதிரி இருக்கே" என்றார்.

பொய் சொல்ல எனக்கு எல்லா வசதியும் இருந்தது. ஞாபகமில்லை என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது அந்த வார்த்தை வரவில்லை. என்மேல் அத்தனை நம்பிக்கையோடு அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சுரண்டினேன்" என்றேன். "அது எங்க ஆபீஸ் பேட்டரி. நம்பர் எழுதினதும் நான்தான், சுரண்டினதும் நான்தான். இவரோட சான்றிதழைச் சரியாப் பார்க்காம ஏலத்துல குடுத்ததும் நான்தான்." எண்ணையும் சொன்னேன். மனப்பாடமாக இருந்தது.

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மெமோ வந்தது, ஸ்டோர் பிரிவிலிருந்து மாற்றினார்கள், ஊதிய உயர்வு ஒன்று நின்றது. யார்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். ஒரு மாதத்தில் அதே ஆள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வேறு தகர வேலி போட்டுவிட்டார், அதே நான்கு பெண்கள் ஷேர் ஆட்டோவில் அங்கே போனார்கள். ஏரிப் பள்ளத்துக் கண்ணாடி அங்கேயேதான் கிடந்தது. அக்காவின் மனு, இப்படிப்பட்ட சாவுக்கு நிவாரணம் கொடுக்க விதியில் வழியில்லை என்ற பதிலோடு முடித்து வைக்கப்பட்டது. நான் ஒரு கன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்றுவிட்டார். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போக ஆரம்பித்தார்.

ஆனால் விசாரணை நடந்த அன்றைக்கு, எல்லாரும் போன பிறகு, நானும் அவரும் மட்டும் கொட்டகையில் நின்றோம். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் திட்டவில்லை. ஏதோ தேதியைச் சரிபார்க்கிறவரைப் போலக் கேட்டார்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழம வந்தீங்களே. அப்ப மாடு நின்னுக்கினு இருந்துச்சு, உயிரோட. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா" என்றேன்.

அவர் முளைக்குச்சியில் இன்னும் கட்டியிருந்த மாட்டுக் கயிற்றை உட்கார்ந்து அவிழ்க்க ஆரம்பித்தார்.